மணவாட்டியாகிய திருச்சபை

தாயகத்தை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் கொச்சியிலும் வாழும் தமிழர்களாகிய நமக்குப் பல சமயத்தாரும் அண்டை வீட்டாராக அமைகின்றனர். நம் இல்லத் திருமணங்களுக்கு அவர்கள் வருகின்றனர். அவர்கள் இல்லத் திருமணங்களுக்கு நாம் செல்கின்றோம். கிறிஸ்தவ அன்பர் ஒருவரின் திருமணத்திற்குச் சென்று தேவாலயத்தில் அமர்ந்திருக்கும்போது, எபேசு நகரச் சபையாருக்கு எழுதப்பெற்ற திருமுகத்தின் ஒரு பகுதி அங்கே படிக்கப்படுவதை நம்மில் சிலர் கேட்டிருக்கலாம். கணவன் மனைவியரின் கடமைகளைச் சொல்லிவரும் அத்திருமுகம், இடையிலே கிறிஸ்துவையும் திருச்சபையையும் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகின்றது. பீடத்தின் முன் நிற்கும் மணமக்களை விட்டுவிட்டு வேறொரு மணமகனையும் மணமகளையும் பற்றிப் பேசுவது ஏன் என்று நமக்குத் தோன்றும்.

கிறிஸ்து மணவாளர், திருச்சபை அவருடைய மணவாட்டி என்பது கிறிஸ்தவ சமயத்தின் மிகப் பழைய உருவகங்களுள் ஒன்று. சபைக்குச் சூட்டப்பெற்ற பெருமைப் பட்டம் அது என்று மேலோட்டமாகப் பார்ப்பவர் கருதக்கூடும். ஆயினும் அவ்வுருவகம் பிறந்து வளர்ந்த வரலாற்றைப் பின்தொடர்ந்து நோக்கினால், அது பட்டமன்று, பொறுப்பு என்பது விளங்கும். கொடுத்த வாக்கிற்கு உண்மையாக நடந்துகொள்ளவேண்டும் என்னும் கட்டளை அதனுள் அடங்கியிருக்கின்றது. அதைச் சிறிது விரிவாகக் காண்போம்.

முதலில் 'திருச்சபை' என்னும் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். கோபுரமும் மணியும் உடைய கட்டடத்தை நாம் பேச்சுவழக்கில் 'சர்ச்' என்கின்றோம். புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்தில் வழங்கும் சொல் 'எக்ளேசியா' என்பது. அழைக்கப்பட்டுக் கூடிய மக்கள் கூட்டம் என்பதே அதன் பொருள். ஆகவே மணவாட்டி எனப்படுவது கட்டடமன்று; குருமாரின் ஆட்சியமைப்பு மட்டுமும் அன்று. செல்வரும் வறியரும், ஆண்களும் பெண்களும், கற்றோரும் கல்லாதாரும் சேர்ந்த மக்கள் கூட்டமே மணவாட்டி. பலர் சேர்ந்து ஒருத்தியாகக் கருதப்படுவது இவ்வுருவகத்தின் முதற் சிறப்பு.

இதன் வேர் கிறிஸ்துவுக்கும் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. கி.மு. எட்டாம் நூற்றாண்டில் இஸ்ரவேல் நாட்டின் வடபகுதியில் ஓசியா என்னும் தீர்க்கதரிசி வாழ்ந்தார். அவர் மனைவி கோமேர் என்பவள் கணவனுக்குத் துரோகம் செய்தாள். ஓசியா தம் இல்லத்துத் துயரத்தையே ஒரு கண்ணாடியாகக் கொண்டு, இறைவனுக்கும் அவனை மறந்து வேறு தெய்வங்களை நாடிய மக்களுக்கும் உள்ள உறவைக் கண்டார். இறைவன் கணவன், மக்கள் மனைவி. பதினைந்து வெள்ளிக்காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் கொடுத்து ஒரு பெண்ணை அவர் மீட்டுக்கொண்டதாக அவர் நூல் கூறுகின்றது. அவள் துரோகம் செய்த அந்த மனைவியே என்பது பெரும்பாலோர் கொள்ளும் பொருள்.

ஓசியாவின் நூலில் நாம் ஊன்றி நோக்கவேண்டிய மற்றொன்றும் உண்டு. எபிரேய மொழியில் கணவனைக் குறிக்க இரண்டு சொற்கள் வழங்கின. ஒன்று 'ஈஷ்', மனிதன், துணைவன் என்னும் பொருளுடையது. மற்றொன்று 'பாகால்', உடையவன், எசமான் என்னும் பொருளுடையது. அக்காலத்தில் கானான் நாட்டார் வணங்கிய தெய்வத்தின் பெயரும் பாகால் என்பதே. வரப்போகும் நாளில் மக்கள் தம்மை இரண்டாம் பெயரால் அழைக்கமாட்டார்கள், முதற் பெயராலேயே அழைப்பார்கள் என்று இறைவன் சொல்வதாக ஓசியா எழுதுகின்றார். உடைமையாளன் என்னும் உறவை நீக்கித் துணைவன் என்னும் உறவை இவ்வுருவகம் தன் தொடக்கத்திலேயே நாடியது. பின்னால் வரும் செய்திகளுக்கு இது திறவுகோலாகும்.

ஓசியாவிற்குப் பின் வந்த எரேமியா, பாலைவனத்தில் இறைவனைப் பின்தொடர்ந்து நடந்த பழைய நாட்களை மணப்பெண்ணின் முதற் காதலோடு ஒப்பிட்டார். கி.மு. 586ஆம் ஆண்டளவில் பாபிலோனியர் எருசலேம் நகரத்தை அழித்து, மக்களுள் பலரைத் தங்கள் நாட்டிற்குக் கொண்டுசென்றனர். அயல்நாட்டு ஆற்றங்கரையில் வாழ்ந்த அம்மக்கள், தாங்கள் கைவிடப்பட்டோம் என்று எண்ணி ஏங்கினர். அப்போது எழுந்த ஏசாயா நூலின் பிற்பகுதி, இறைவன் எழுதிக்கொடுத்த தள்ளுதற்சீட்டு எங்கே இருக்கின்றது, காட்டுங்கள் என்னும் கருத்தில் கேள்வி எழுப்புகின்றது. அத்தகைய சீட்டு எதுவும் இல்லை; ஆகவே உறவு முறியவில்லை என்பது அதன் குறிப்பு. பாழ்நிலம் என்றும் கைவிடப்பட்டவள் என்றும் பெயர்பெற்ற நகரம், இனி மணம்புரிந்தவள் என்று பெயர்பெறும் என்றும் அந்நூல் தேறுதல் கூறுகின்றது. மண்ணை விட்டுப் பிரிந்த மக்களுக்கு மணவுறவின் மொழியிலேயே ஆறுதல் உரைக்கப்பட்டது என்பதை, தொலைவில் வாழும் நாம் எளிதில் உணரக்கூடும்.

இவ்வுருவகத்திற்கு இருண்ட பக்கமும் உண்டு என்பதை மறைத்தல் கூடாது. எசேக்கியேல் தீர்க்கதரிசியின் நூலில், துரோகம் செய்த மனைவிக்குக் கொடிய தண்டனை விதிக்கப்படும் காட்சிகள் வருகின்றன. ஒரு நகரத்தின் அழிவை விளக்க எழுதப்பட்டவையே அவை. எனினும் மனைவியைக் கணவன் ஒறுக்கலாம் என்பதற்கு அவற்றைச் சான்றாகக் கொள்ளும் இடர் உண்டு. இக்கால விவிலிய அறிஞர், சிறப்பாகப் பெண் அறிஞர், இதனைக் கண்டித்து எழுதியுள்ளனர். உருவகம் உண்மையை விளக்க வந்தது. வன்முறைக்குத் துணைபோக வந்ததன்று.

இனிப் புதிய ஏற்பாட்டிற்கு வருவோம். அங்கே வரும் செய்திகளை அறிய, அக்கால யூதரின் திருமண வழக்கத்தைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். அவர்களுடைய திருமணம் இரண்டு கட்டங்களாக நடந்தது. முதலாவது நியமித்தல். நம் நிச்சயதார்த்தத்தைப் போன்றது எனலாம். ஆனால் அதனினும் உறுதி வாய்ந்தது. நியமிக்கப்பட்ட பெண் சட்டப்படி மனைவியே ஆவாள். முறிக்கவேண்டுமாயின் தள்ளுதற்சீட்டே கொடுக்கவேண்டும். மரியாளை நியமித்திருந்த யோசேப்பு அவளை இரகசியமாக விலக்கிவிட எண்ணினார் என்று மத்தேயு எழுதுவது இக்காரணம் பற்றியே. நியமித்த பின்னும் பெண் தன் தந்தை வீட்டிலேயே இருப்பாள். தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்ள அவளுக்குப் பன்னிரண்டு மாதம் தவணை தருவது வழக்கம் என்று யூதரின் பழைய சட்டத்தொகுப்பாகிய மிஷ்னா கூறுகின்றது. அதன் பின்னரே மணமகன் வந்து அவளைத் தன் இல்லத்திற்கு அழைத்துச் செல்வான், விருந்தும் நடைபெறும்.

திருச்சபை மணவாட்டி என்னும்போது அது எந்தக் கட்டத்தில் நிற்கின்றது? இரண்டு கட்டங்களுக்கும் இடைப்பட்ட காலத்திலே நிற்கின்றது. வாக்குறுதி கொடுக்கப்பட்டுவிட்டது, விருந்து இன்னும் வரவில்லை. உறவு உறுதியாகிவிட்டது, நிறைவு எய்தவில்லை. கிறிஸ்தவர்கள் தங்கள் வாழ்வைக் காத்திருத்தலாகக் கருதுவதன் பொருள் இதுவே.

இயேசுபெருமானின் சொற்களிலும் இக்கருத்து மிளிர்கின்றது. தம் சீடர் ஏன் உண்ணாநோன்பு மேற்கொள்ளவில்லை என்று கேட்டவர்களுக்கு, மணமகன் உடனிருக்கையில் தோழர்கள் நோன்பிருத்தல் எங்ஙனம் என்று அவர் விடையளித்தார். மணமகன் வருகைக்கு விளக்கேந்திக் காத்திருந்த பத்துக் கன்னியரின் கதையையும் அவர் கூறினார். மணமகன் வரவு தாமதித்தது, அனைவரும் உறங்கிவிட்டனர், நள்ளிரவில் அழைப்பு எழுந்தது. எண்ணெயை முன்கூட்டிச் சேர்த்துவைத்த ஐவர் உள்ளே சென்றனர். மற்ற ஐவர் கதவடைந்த பின் வந்து நின்றனர். காத்திருப்பவர் யாவரும் ஆயத்தமானவர் அல்லர் என்பது இக்கதையின் எச்சரிக்கை.

யோவான் எழுதிய நற்செய்தியில் கானா ஊர்த் திருமணம் வருகின்றது. திராட்சரசம் தீர்ந்துபோக, ஆறு கற்சாடிகளில் இருந்த தண்ணீரை இயேசு ரசமாக மாற்றுகின்றார். விருந்தை மேற்பார்த்தவன் ரசத்தைச் சுவைத்துவிட்டு மணமகனைப் பாராட்டுகின்றான். உண்மையில் மணமகனுக்குரிய செயலைச் செய்தவர் இயேசு. அடுத்த அதிகாரத்திலேயே, திருமுழுக்குக் கொடுத்த யோவான் தம்மை மணமகனின் தோழன் என்றும், மணமகள் தமக்கு உரியவள் அல்லள் என்றும் சொல்லி விலகி நிற்கின்றார். சமயத் தலைவர்கள் நினைவிற் கொள்ளவேண்டிய பாடம் இது. மக்கள் கூட்டத்தை வழிநடத்துவோர் தோழரேயன்றி மணவாளர் அல்லர். சபை அவர்களுடைய உடைமை அன்று.

பவுல் அடியார் கொரிந்து நகரச் சபைக்கு எழுதும்போது தம்மைப் பெண்ணை மணமகனுக்கு நியமித்துக் கொடுத்தவராகவே எண்ணிப் பேசுகின்றார். அவள் மனம் திரிந்துபோகுமோ என்ற அச்சமும் அவருக்கு இருந்தது. கொரிந்துச் சபையின் நிலையை அவருடைய முதல் திருமுகத்தால் அறிகின்றோம். அங்கே மக்கள் ஒவ்வொரு தலைவரின் பெயரைச் சொல்லிக் கட்சி கட்டினர். கூடி உண்ணும் திருவிருந்திலும் வசதியுள்ளோர் முந்தி உண்டு வெறித்திருக்க, வறியோர் பசித்து நின்றனர். இத்தகைய சபையையே பவுல் தூய மணப்பெண்ணாக நிறுத்த விரும்பினார். மணவாட்டி ஒருத்தி என்றால் அவளுக்குள் மேல்வரிசை, கீழ்வரிசை என்று பிரிவு இருத்தல் இயலாது. சாதியாலும் செல்வத்தாலும் வழிபாட்டு மன்றத்தில் பிரிந்து அமரும் எந்தச் சபையும் தன் பெயரையே பொய்யாக்கிக்கொள்கின்றது.

இனி, திருமணத்தில் படிக்கப்பெறும் எபேசியர் திருமுகத்தைப் பார்ப்போம். இதனைப் பவுலே எழுதினார் என்போரும், அவர் மாணவர் ஒருவர் எழுதியது என்போரும் உளர். மனைவியர் கணவருக்குக் கீழ்ப்படியவேண்டும் என்ற அதன் சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு பெண்களை அடக்கிவைத்தோர் பலர். திருமுகத்தை முழுமையாகப் படிப்போருக்கு மூன்று உண்மைகள் புலனாகும். ஒருவருக்கொருவர் பணிந்து நடக்கவேண்டும் என்னும் பொது அறிவுரையோடுதான் அப்பகுதி தொடங்குகின்றது. மனைவியர்க்குக் கூறியதினும் இரு மடங்குக்கு மேல் கணவர்க்கு அறிவுரை கூறப்படுகின்றது. கணவருக்கு வைக்கப்படும் முன்மாதிரியும் ஆளும் அரசனின் முன்மாதிரி அன்று. மணவாட்டிக்காகத் தம் உயிரையே கொடுத்த கிறிஸ்துவின் முன்மாதிரி. உரோமப் பேரரசில் குடும்பத்தலைவனுக்கு மனைவி மக்கள் மீதும் அடிமைகள் மீதும் பெரும் அதிகாரம் இருந்த காலம் அது. அக்காலத்தில் கணவனை நோக்கி, உன் மனைவிக்காக உன்னையே கொடு என்னும் கருத்துப்படச் சொல்லியது சிறிய செய்தி அன்று. 1988ஆம் ஆண்டில் போப்பாண்டவர் இரண்டாம் யோவான் பவுல் பெண்களின் மாண்பைப் பற்றி எழுதிய திருமடலில், இப்பணிவு இருபாலார்க்கும் உரியது என்று விளக்கினார். ஓசியாவின் நூலில் எசமான் என்னும் பெயர் நீங்கித் துணைவன் என்னும் பெயர் வந்ததை இங்கே மீண்டும் நினைவுகூர்தல் தகும்.

அத்திருமுகத்தில் தண்ணீரால் கழுவித் தூய்மைப்படுத்தல் பற்றிய குறிப்பும் வருகின்றது. மணப்பெண்ணின் நீராட்டையும் கிறிஸ்தவரின் திருமுழுக்கையும் அது ஒருங்கே நினைவூட்டுவதாக உரையாசிரியர் பொருள் கொள்வர். மணவாட்டி தானே அழகுடையவளாக வந்தவள் அல்லள், கழுவப்பெற்றவள். நான்காம் நூற்றாண்டில் மிலான் நகரின் ஆயராக விளங்கிய அம்புரோசு, திருச்சபையைக் கற்புடைய பரத்தை என்று துணிந்து வருணித்தார். குறையுள்ள மனிதரால் ஆனது சபை. அதன் தூய்மை இரவலாகப் பெற்றது என்று அவ்வருணனைக்குப் பொருள் கொள்வோர் உளர்.

இந்த உருவகத்தைப் பின்வந்த பெரியோர் பலவாறு வளர்த்தனர். மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓரிகென் என்னும் அறிஞர், காதற் பாடல்களால் ஆகிய உன்னதப்பாட்டுக்கு உரை எழுதினார். அதில் வரும் தலைவியைத் திருச்சபையாகவும் கொள்ளலாம், தனி ஆன்மாவாகவும் கொள்ளலாம் என்று அவர் இருவகையாகப் பொருள் கண்டார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுத் துறவி பெர்நார்து அந்நூலின்மீது 86 சொற்பொழிவுகள் எழுதினார். 1153இல் அவர் மறைந்தபோது மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தையே எட்டியிருந்தார். 1520இல் மார்ட்டின் லூத்தர் கிறிஸ்தவரின் விடுதலையைப் பற்றி எழுதிய நூலில் இதனை ஒரு குடும்பக் கணக்காகவே விளக்கினார். மணம் நடந்தால் கணவன் செல்வம் மனைவிக்கும், மனைவி பட்ட கடன் கணவனுக்கும் ஆகின்றதன்றோ? அவ்வாறே ஆன்மாவின் பாவக்கடன் கிறிஸ்துவைச் சேர்கின்றது. அவர் நன்மை ஆன்மாவைச் சேர்கின்றது என்றார். கத்தோலிக்க ஆயர் அணியும் மோதிரமும் அவர் திருச்சபைக்குக் காட்டவேண்டிய உண்மைப் பற்றின் அடையாளமே.

இவற்றைப் படிக்கும் தமிழர் நெஞ்சில் ஆண்டாள் நினைவு எழுவது இயல்பு. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும் திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் நின்று பாடியதை நாம் அறிவோம். இரண்டு மரபுகளும் காதலின் மொழியால் இறைவனை நாடுகின்றன. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நம் பாடல்களில் தலைவியாக நிற்பது ஏங்கும் ஓர் உயிர். விவிலிய மரபில் முதலில் தலைவியாக நிற்பது ஒரு மக்கள் கூட்டம். தனி உயிர் தலைவியாவது அதன் வழிவந்த கருத்து. எந்த மரபு உயர்ந்தது என்று எடைபோடுவது நம் நோக்கமன்று. வேறுபாட்டை அறிந்தால் இரண்டையும் தெளிவாக அறியலாம்.

இவ்விரு மரபுகளும் சந்தித்த இடம் ஒன்று தமிழிலேயே உண்டு. திருநெல்வேலியில் 1774இல் பிறந்த வேதநாயக சாஸ்திரியார், சுவார்ட்ஸ் ஐயரிடம் தஞ்சையில் கல்வி பயின்றவர். பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோசியும் அதே ஐயரின் பேணுதலைப் பெற்றவர். சாஸ்திரியார் 1800ஆம் ஆண்டை ஒட்டிப் 'பெத்லகேம் குறவஞ்சி' என்னும் நூலை இயற்றினார். குறவஞ்சியில் தலைவன் உலா வருவதும், தலைவி அவன்மேல் காதல் கொள்வதும், குறத்தி வந்து குறி சொல்வதும் நாம் அறிந்த அமைப்பு. சாஸ்திரியாரின் நூலில் தலைவர் பெத்லகேமில் பிறந்த கிறிஸ்து. தலைவி தேவமோகினி, அதாவது திருச்சபை. குறத்தியோ விசுவாசத்தின் உருவம். தலைவன் வருவான் என்று கைபார்த்துச் சொல்பவள் குறத்தி. காணாதவற்றை உறுதியென்று காட்டும் விசுவாசத்தை அவளாக்கியது எத்துணைப் பொருத்தம்! மணமகன் வருகைக்குக் காத்திருக்கும் மணவாட்டியைத் தமிழ் இலக்கியத் தலைவியாகவே ஆக்கிவிட்டார் அவர்.

கேரளத்தில் வாழும் நம் அன்பர்கள் மற்றொன்றைக் கவனித்திருக்கலாம். அங்குள்ள சீரோ மலபார் சபையின் வழிபாட்டு ஆண்டு, திருச்சபையின் அர்ச்சிப்பை நினைவுகூரும் நான்கு வாரங்களோடு முடிவுறுகின்றது. காலத்தின் இறுதியில் மணவாட்டியாகிய சபை கிறிஸ்துவின் முன் கொண்டுவந்து நிறுத்தப்படுவதை அவ்வாரங்கள் எண்ணிப் பார்க்கின்றன. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கமும் 1964இல் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட ஏட்டில், மந்தை, விளைநிலம், கட்டடம் முதலிய உருவகங்களோடு மணவாட்டி என்னும் உருவகத்தையும் எடுத்துரைத்தது.

விவிலியத்தின் கடைசி நூலாகிய வெளிப்படுத்தின விசேஷத்தோடு இவ்வுரையை நிறைவு செய்வோம். முதல் நூற்றாண்டின் இறுதியில், சின்ன ஆசியாவின் ஏழு சபைகளுக்கு அந்நூல் எழுதப்பட்டது என்பது பெரும்பான்மையோர் கருத்து. அதில் இரண்டு பெண்கள் எதிரெதிராகக் காட்டப்படுகின்றனர். ஒருத்தி இரத்தாம்பரமும் பொன்னும் முத்தும் அணிந்த பாபிலோன். உரோமப் பேரரசின் செருக்கிற்கு அவள் சின்னம். மற்றொருத்தி தூய மெல்லிய வெண்துகில் உடுத்த மணவாட்டி. அத்துகில் எதனால் நெய்யப்பட்டது என்பதையும் நூல் சொல்கின்றது: நல்லோர் செய்த நீதிச் செயல்களே அத்துகில். பொன்னால் அன்று, செயலால் அமைந்தது அவள் அணி.

பின்னர் வியப்புக்குரிய மாற்றம் ஒன்று நிகழ்கின்றது. மணவாட்டியைக் காட்டுகின்றேன் என்று தேவதூதன் யோவானை அழைத்துச் செல்கின்றான். யோவான் காண்பது ஒரு பெண்ணை அன்று, விண்ணிலிருந்து இறங்கிவரும் ஒரு நகரத்தை. நாற்றிசையிலும் திசைக்கு மூன்றாகப் பன்னிரண்டு வாயில்கள் அந்நகருக்கு உள்ளன. அவ்வாயில்கள் அடைக்கப்படுவதே இல்லை. நாட்டினங்கள் யாவும் தத்தம் சிறப்புகளை அதனுள் கொண்டுவருகின்றன. கிழக்கிலிருந்து வருபவனும் தெற்கிலிருந்து வருபவனும் தன் திசை வாயிலில் நுழையலாம். தன் பெருமையை வெளியே விட்டுவர வேண்டியதில்லை.

பிறர் நகரங்களில் வந்து வாழும் நமக்கு, திறந்த வாயிலின் அருமை தெரியும். அடைத்த கதவின் வருத்தமும் தெரியும். அடுத்த முறை அண்டை வீட்டுத் திருமணத்தில் அத்திருமுகம் படிக்கப்படும்போது, பீடத்தின் முன் நிற்கும் இருவரையும் நாம் வாழ்த்துவோம். கணவன் எசமானாக அன்றித் துணைவனாக இருக்கவும், இருவரும் கொடுத்த வாக்கில் நிலைக்கவும் வாழ்த்துவோம். அவர்களைச் சூழ்ந்து அமர்ந்திருக்கும் சபையும் தனக்குரிய வாக்கைக் காத்துத் தன் வாயில்களைத் திறந்துவைக்குமாறு வேண்டுவோம்.